அலறு, அன்பே... டேக் ஓகே!

"ஆ... ஆஆ... ஆஆஆ...!"

தொண்டை கிழிகிற அலறல்.

கேட்கிறவனுக்கு ஈரக்குலை நடுங்கும். ஒரு பெண்ணின் உயிர் போகிற சத்தம். ஏறியது... ஏறியது... உச்சியில் போய் உடைந்தது.

நின்றது.

மூச்சே இல்லை.

பிறகு கூரையிலிருந்து ஓர் ஆண் குரல்.

"டேக் ஓகே! சூப்பர் மேடம்! அப்படியே செத்துப் போயிட்டீங்க!"

பயந்துவிட்டீர்களா? பயப்படாதீர்கள். இன்னும் யாரும் சாகவில்லை. இது டப்பிங் தியேட்டர். செத்தவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

அவள்தான் அலறல் ராணி.

வீட்டில் வைத்த பெயர் வேறு. அது அவளுக்கே மறந்து போகும் அளவுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சீரியலில் எவள் கிணற்றில் விழுந்தாலும், எவள் பேயைப் பார்த்தாலும், தயாரிப்பாளர் போன் செய்வது இவளுக்குத்தான். கொஞ்சிப் பேச நூறு பேர் இருக்கிறார்கள். கூசாமல் கத்த ஒருத்திதான்!

கூரை ஸ்பீக்கர் வழியாகப் பேசியவன் சவுண்ட் இன்ஜினியர். அவனுக்குப் பெயர் 'காது'. அடுத்த அறையில், பெரிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உள்ளே பேசுகிறவர்களின் ஒவ்வொரு எழுத்தையும் பிடித்து உலுக்குவதுதான் அவன் பிழைப்பு.

அதிலும் 'ழ' என்றால் அவனுக்கு உயிர்.

அன்று காலையில்கூட நடந்தது. புதிதாக வந்த பையன் மைக் முன்னால் நின்று, "மலை கொட்டுது" என்றான்.

"கட்!" என்று கூரை அதிர்ந்தது. "மலை எப்படிய்யா கொட்டும்? மழை! ழ! ழ!"

"மளை..."

அவ்வளவுதான். ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு, காது எழுந்து நடந்து, கனமான கதவைத் தள்ளி உள்ளேயே வந்துவிட்டான். பையன் மூக்குக்கு நேராக வாயை ஆவென்று பிளந்தான்.

"பாரு! நாக்கு எங்க போய் மடங்குது பாரு! ஸ்பீக்கர்ல சொன்னா இது விளங்காது. கண்ணால பாத்தாத்தான் விளங்கும்."

பையன் மதியச் சாப்பாட்டுக்குப் போனான். திரும்பவில்லை. நாக்கைப் பார்த்த பிறகு சோறு இறங்கியிருக்காது.

அலறல் ராணிக்காக மட்டும் காது ஒரு நாளும் எழுந்து வந்ததில்லை. அவள் 'ழ' அப்படி!

அவளுடைய போன் ஒலித்தது.

அக்கா.

"என்னடி முடிவு பண்ணிருக்க?" என்றாள் அக்கா, எடுத்த எடுப்பில்.

"வந்துடறேன்க்கா." குரல் இறங்கியது. சற்று முன் கூரையைப் பெயர்த்த அதே குரல். "இன்னைக்கு ஒரு ரீல்தான் பாக்கி. அதை முடிச்சுட்டு உன் வீட்டுக்கே வந்துடறேன்."

"அந்த ஆளுகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லணும்."

"சொல்லாத! பெட்டியைத் தூக்கிட்டு வந்துடு. எனக்கு அவர் கண்ணப் பாத்தாலே வயித்தக் கலக்குது."

அவள் என்ன சொல்வாள்? அந்தக் கண்ணைப் பார்த்துத்தானே விழுந்தாள்!

அந்த ஆள் இந்த ஸ்டுடியோவின் முதலாளி.

பழைய மாடி வீடு. கீழே தியேட்டர், மேலே அவன் குடியிருப்பு. எப்போதும் கறுப்புச் சட்டை. எப்போதும் ஜன்னல் ஓரம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவனுக்கு வைத்த பெயர் 'உம்மணாமூஞ்சி'. அவசரத்துக்கு 'உம்மு'.

மனைவியைப் பறிகொடுத்தவன். அவளும் டப்பிங் கலைஞர்தான். இதே தியேட்டரில், மைக் முன்னால் அலறிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு அடைத்துச் செத்துப் போனாள் என்று பேச்சு. அன்றிலிருந்து முதலாளி அப்படி ஆகிவிட்டான் என்றார்கள் சிலர். அதற்கு முன்னாலும் அப்படித்தான் என்றார்கள் காது மாதிரி விவரம் தெரிந்தவர்கள்.

ஒரு குளிர்தேசத்து சீரியலைத் தமிழாக்கும் வேலை வந்தது. மலை உச்சியில் கோட்டை. அதில் ஒரு பிரபு. கறுப்புக் கோட்டு, இருண்ட முகம், முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவனைக் காதலித்துக் கோட்டைக்குள் போய் மாட்டிக்கொள்ளும் அப்பாவிப் பெண்.

பெண்ணுக்குக் குரல் அலறல் ராணி. பிரபுவுக்குக் குரல் தர வேண்டியவன் தொண்டை கட்டிப் படுத்துவிட, முதலாளியே மைக் முன் வந்து நின்றான்.

நின்று, அவளைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து சொன்னான்.

"நான் நல்லவன் இல்லை பெண்ணே. ஆனால் உன்னால் மட்டும்தான் என்னை மனிதனாக்க முடியும்."

வசனம்தான்! பேப்பரில் அடித்து வைத்த வசனம்! ஆனால் அதை அவன் படத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னான்.

இந்த ஒரு வரியில் எத்தனை பெண்கள் தலைகுப்புற விழுந்திருக்கிறார்கள்! முரட்டு ஆளைத் திருத்துவது என்ற வேலைக்கு மட்டும் சம்பளமே இல்லாமல் வரிசை கட்டி நிற்பார்கள். அவளும் நின்றாள்.

கோட்டைப் பிரபுவுக்குப் பேசிப் பேசி, முதலாளி தண்ணீர் கேட்பதைக்கூட அந்தக் குரலில்தான் கேட்டான். அவள் மயங்கினாள். ஹாஸ்டலைக் காலி செய்து மாடி அறைக்கு வந்தாள். கல்யாணத்துக்குச் சரி என்றாள்.

அப்புறம்தான் ஆரம்பித்தது.

"வேற ஸ்டுடியோவுக்குப் போகாதே" என்றான். போகவில்லை. "அக்காகூட அவ்வளவு நேரம் என்ன பேச்சு" என்றான். குறைத்தாள். மாடிப் படிக்குக் கீழே புதிதாக ஒரு கிரில் கதவு வந்தது. சாவி அவன் பையில். போன வாரம், கன்ட்ரோல் ரூமுக்கும் தியேட்டருக்கும் நடுவே இருந்த கண்ணாடிக்குக் கறுப்புத் திரை வந்தது. "உன்னை யாரும் பார்க்க வேண்டாம். கேட்டால் போதும்" என்றான்.

முதலில் இனித்ததெல்லாம் இப்போது கழுத்தில் இறுகியது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. எப்படியாவது இந்த வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும். அது மட்டும்தான் இப்போது அவள் வேண்டுவது.

ஒரு ரீல்.

ஒரே ஒரு ரீல்.

"யார்கிட்ட பேசற?"

திரும்பினாள். முதலாளி!

கறுப்புச் சட்டை. கலைந்த முடி. உள்ளே வந்து நின்றான். அவன் பின்னால் கனமான கதவு 'தப்' என்று மூடிக்கொண்டது.

"அ... அக்கா."

"என்ன சொன்னா?"

"சும்மா... நலம் விசாரிச்சா."

அவன் கையை நீட்டினான். அவள் போனைக் கொடுத்தாள். கேட்டால் கொடுத்துப் பழகியிருந்தாள். கொடுத்த பிறகுதான் உறைத்தது.

"காது!" என்று அவள் மைக்கில் குனிந்து சொன்னான். "கடைசி ரீலைப் போடு. நான் உள்ளேதான் இருக்கேன். நிறுத்தாம ஓட்டு. அவ எவ்வளவு கத்தினாலும் நிறுத்தாதே. நல்லா வரட்டும்."

"சரி சார்!" என்றது கூரை. "மேடம், இது கோபுர அறை சீன். பிரபு உங்களைப் பூட்டி வச்சிட்டாரு. நீங்க கதவைத் தட்டித் தட்டிக் கத்தறீங்க. உயிரைக் குடுத்துக் கத்துங்க!"

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். வீடே தீப்பிடித்தாலும், டேக் முடிந்த பிறகுதான் சொல்லுவார்கள். தொழில் தர்மம்!

திரையில் படம் ஓட ஆரம்பித்தது.

முதலாளி மெதுவாக நடந்து எதிர் மூலையில் இருந்த இன்னொரு மைக் அருகே போய் நின்றான். இந்த ரீல் முழுக்க அவளுடையது. காதுவின் காதில் கேட்கப்போவது அவள் மைக் மட்டும்தான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"போகப் போகிறாய்" என்றான். தாழ்ந்த குரலில். பிரபுவின் குரலில்.

"இ... இல்லையே."

"என்னை விட்டுப் போகப் போகிறாய். உன் கண் சொல்கிறது. அவள் கண்ணும் இப்படித்தான் சொன்னது."

"எவ?"

"என் மனைவி."

அவள் பின்னாலேயே நகர்ந்து கதவை எட்டினாள். கைப்பிடியைத் தேடினாள். கை வழுக்கிக்கொண்டு போனது.

கைப்பிடி இல்லை!

கைப்பிடி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. கதவு இனி வெளியிலிருந்துதான் திறக்கும்.

"பிரிந்து போகிறேன் என்றாள். என்னால் தாங்க முடியவில்லை" என்றான் அவன், கதை சொல்கிற நிதானத்தில். "இதே அறை. இதே நேரம். அவள் கத்தினாள். விளக்கை அணைத்திருந்தேன்; வெளியே ஒருவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பிரமாதம் என்றான்! நான் அவள் முகத்தில் சுவர் மெத்தையை வைத்து அழுத்தினேன். அவள் அடங்கும்வரை அழுத்தினேன். அப்புறம் அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். நிஜமாகவே அழுதேன், பெண்ணே. அவள்மேல் எனக்கு அவ்வளவு காதல்."

"கடவுளே..."

"வைத்தியர் நம் ஆள். நெஞ்சு பலவீனம் என்று எழுதினார். ஊர் நம்பியது. அவளுடைய கடைசி அலறலை ஊர் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உனக்கு அது மனப்பாடம் ஆயிற்றே?"

அவளுக்குப் புரிந்தது.

அவள் இந்த ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் நாள், காது ஓர் அலறலைப் போட்டுக் காட்டினான். "இதுதான் மேடம் நம்ம அளவுகோல். இதுவரைக்கும் இந்த ஊர்ல யாரும் இப்படிக் கத்தினதில்ல. இதே மாதிரி வேணும்." எந்த சீரியலில் யார் செத்தாலும் அந்த அலறலைத்தான் செருகுவார்கள். அவள் இராப்பகலாகக் கேட்டுக் கேட்டு, ஏற்றம் இறக்கம் மாறாமல் படித்துக்கொண்டாள். ஒரு பெண்ணின் சாவைப் பாடம் பண்ணியிருக்கிறாள்!

அலறினாள்.

நிஜமாக.

வாழ்க்கையில் முதல் முறையாக, யாரும் காசு தராமல்.

"ஆஆஆ...! கதவைத் திறங்க! யாராவது காப்பாத்துங்க!"

"ஆஹா!" என்றது கூரை. "பின்றீங்க மேடம்! அப்படியே போங்க! நிறுத்தாதீங்க!"

திரையில் அந்தப் பெண்ணும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கீழே எழுத்தில் அவள் வசனம்: 'கதவைத் திறங்க! யாராவது காப்பாத்துங்க!'

ஓர் எழுத்து பிசகவில்லை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உயிருக்குப் பயந்து கத்தினால் வசனம் பொருந்துகிறது! நன்றாகக் கத்தினால் காப்பாற்ற ஆள் வராது, பாராட்டுதான் வரும்!

முதலாளி சத்தத்தை உறிஞ்சச் சுவரில் பதித்திருந்த மெத்து மெத்தென்ற ஸ்பாஞ்ச் பலகை ஒன்றைப் பிடித்து இழுத்தான். ஏற்கெனவே தளர்த்தி வைத்திருக்கிறான். சத்தமில்லாமல் கழன்று வந்தது. தலையணை அளவு. தலையணை கனம்.

"வெளியே இருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அடுத்த எழுத்து உன் வாயிலிருந்து வராது" என்றான். "உனக்கு எழுதியதை மட்டும் பேசு. அழகாகப் பேசு. கடைசியாக ஒரு தடவை உன் குரலைக் கேட்கிறேன்."

அவன் கண்ணில் தண்ணீர்.

இவ்வளவுக்கு நடுவிலும், அந்தக் குரல் அவளை ஒரு நொடி அசைத்தது. ஐயோ பாவம் என்று தோன்றியது. அதற்காக அவள் தன்னையே வெறுத்தாள். கையில் கொலை ஆயுதத்தோடு நிற்கிறவனைப் பார்த்துப் பரிதாபப்படும் அளவுக்கா ஒருத்தி வீணாய்ப் போவாள்!

அவன் ஓர் அடி வைத்தான்.

கூப்பிட முடியாது. ஓட முடியாது. திரை போட்ட கண்ணாடியில் கை காட்டிப் பயனில்லை. எழுதியதை மட்டும் பேச வேண்டும். பேசினால்... டேக் ஓகே.

அவன் இன்னும் ஓர் அடி வைத்தான்.

அவள் திரையைப் பார்த்தாள். அடுத்த வசனம் வந்தது.

'எனக்கு வழி விடுங்க! அழுது அழுது என் விழியே வத்திப் போச்சு! என் வாழ்க்கையே பாழாப் போச்சு!'

அவள் பாய்ந்து போய் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள்.

"எனக்கு வலி விடுங்க!"

கூரை ஒரு கணம் யோசித்தது.

"மேடம்... என்ன?"

"அலுது அலுது என் விலியே வத்திப் போச்சு!"

"மேடம்! என்ன மேடம் இது! நாக்கு! நாக்கு!"

முதலாளி புருவத்தைச் சுருக்கினான். அவள் எழுதியதைத்தான் பேசுகிறாள். யாரையும் கூப்பிடவில்லை. இவன் எதற்குக் குதிக்கிறான்?

அவள் அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"என் வால்க்கையே... பாலாப் போச்சு!"

கூரையில் ஏதோ கீழே விழுந்து உடைகிற சத்தம். டீ கிளாஸாகத்தான் இருக்க வேண்டும்.

"பாலாப் போச்சா? யாரு காய்ச்சினா? உங்களையா மேடம் நான் நம்பிட்டிருந்தேன்! நீங்களுமா!"

முதலாளி பாய்ந்து அவள் மைக்கைப் பிடித்தான். "காது! பரவாயில்லை விடு! அப்புறம் சரி பண்ணிக்கலாம்!"

"எப்புறம் சார் சரி பண்றது? இதை விட்டா நாளைக்கு தமில்னு சொல்லுவாங்க! இருங்க, வர்றேன்!"

"வராதே! லைட் எரியுது!"

"எரியட்டும் சார்! என் வயிறு அதுக்கு மேல எரியுது!"

முதலாளி திரும்பினான். நேரமில்லை. ஸ்பாஞ்ச் பலகையோடு அவள்மேல் விழுந்தான். அவள் சுவரோடு சாய்ந்தாள். முகத்தில் அழுத்தம். இருட்டு. வாய்க்குள் ஸ்பாஞ்ச் நாற்றம். மூச்சு... மூச்சு வரவில்லை. காலால் உதைத்தாள். மைக் ஸ்டாண்ட் சரிந்தது.

கதவு திறந்தது.

காது நின்றான். வாயை ஆவென்று பிளந்து, நாக்கை உள்ளே மடித்து, 'ழ' காட்டியபடியே வந்தவன் அப்படியே நின்றான்.

கண் மட்டும் பெரிதானது.

"ழ்..." என்றான். அதற்கு மேல் வரவில்லை.

அந்த ஒரு நொடி போதும். முதலாளியின் பிடி தளர்ந்தது. அவள் அவனைத் தள்ளிவிட்டு, காதுவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

"கதவு! கதவைச் சாத்துங்க!"

தப்!

கனமான கதவு. உள்ளே கைப்பிடி கிடையாது. யார் கழற்றினார்களோ அவர்களே உள்ளே!

உள்ளேயிருந்து முதலாளி கத்தியிருப்பான். கத்தியிருக்கத்தான் வேண்டும். வெளியே ஒரு துளி சத்தம் வரவில்லை. நல்ல வேலைப்பாடுள்ள தியேட்டர்.

காது போன் செய்து, இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. நடுத்தர வயது. கையில் லத்தி கிடையாது. முகத்தில் மதியத் தூக்கம் கெட்ட கடுப்பு. போலீஸ்காரர்கள் கதவைத் திறந்தார்கள்.

முதலாளி ஜன்னலே இல்லாத அறையில், ஜன்னல் ஓரம் நிற்பது போலவே நின்றிருந்தான். சட்டையைச் சரிசெய்திருந்தான். ஸ்பாஞ்ச் பலகை சுவரில் பழைய இடத்தில் பொருந்தியிருந்தது.

"என்ன ஆச்சு சார்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"ஒத்திகை" என்றான் அவன். "இவள் கலைஞர். அலறுவது இவள் தொழில். கொஞ்சம் மனசு சரியில்லை. நான் தொட்டதும் மிரண்டுவிட்டாள்."

"பொய்!" அலறல் ராணி முன்னால் வந்தாள். "என்னைக் கொல்லப் பாத்தார் மேடம்! தன் பொண்டாட்டியையும் இவர்தான் கொன்னார்! அவர் வாயாலயே சொன்னார்!"

"நீங்க உதவிக்குக் கூப்பிட்டீங்களா?"

"கத்தினேன் மேடம்! உயிரே போற மாதிரி கத்தினேன்!"

இன்ஸ்பெக்டர் காதுவைப் பார்த்தாள். "கேட்டீங்களா?"

காது தலையை ஆட்டினான். "கேட்டேன் மேடம். கதவைத் திறங்க, காப்பாத்துங்கன்னாங்க."

"அப்பவே ஏன் திறக்கலை?"

"அது... வசனம் மேடம். பேப்பர்லயே அப்படித்தான் இருக்கு." தலையைக் குனிந்துகொண்டான். "நல்லாருக்குன்னு பாராட்டினேன்."

இன்ஸ்பெக்டர் வசனப் பேப்பரை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அலறல் ராணியையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை கொஞ்சம் குறைந்திருந்தது.

அலறல் ராணி அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள். ஆனால் வந்துவிட்டாளா? நாளைக்கு இவன் வெளியில் நடப்பான். அக்கா வீட்டு வாசலுக்கு வருவான். அந்தக் கண்ணோடு, அந்தக் குரலோடு. அவள் இனி எங்கே கத்தினாலும், தொழில்தானே என்பார்கள்.

"இவர் பேசினதைக் கேட்டீங்களா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இல்ல மேடம். இவங்க மைக்கை மட்டும்தான் காதுல வச்சிருந்தேன்." காது நெற்றியைச் சுருக்கினான். சட்டென்று நிமிர்ந்தான். "ஆனா... ரெண்டு மைக்கும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு! நான் எதையும் மூடறதில்ல. தும்மினாக்கூடப் பதிவாகும்!"

முதலாளியின் தாடை இறுகியது.

எல்லோரும் கன்ட்ரோல் ரூமுக்குப் போனார்கள். காது பொத்தானைத் தட்டினான்.

ஸ்பீக்கரில் அந்தக் குரல்.

'நான் அவள் முகத்தில் சுவர் மெத்தையை வைத்து அழுத்தினேன். அவள் அடங்கும்வரை அழுத்தினேன்...'

காது மெல்ல ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவனுக்கும் இப்போதுதான் புரிந்தது, அன்று எதற்கு 'டேக் ஓகே' சொன்னோம் என்று. அவன் கண்ணிலிருந்து பொல பொலவென்று கொட்டியது.

"இதுக்கு என்ன சொல்றீங்க சார்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

முதலாளி அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் முதல் முறையாகச் சின்னதாக ஒரு சிரிப்பு.

"அது நான் இல்லை. கோட்டைப் பிரபு."

"என்னது?"

"சீரியலில் வருகிறவன். மனைவியைக் கொன்றவன். அவனுக்கு நான்தான் குரல். பெண்ணைக் கோபுரத்தில் பூட்டிவிட்டு உண்மையைச் சொல்கிறான். அந்தக் காட்சிக்குத்தான் ஒத்திகை." கைகளை விரித்தான். "அவள் கத்தியது வசனம் என்றால், நான் பேசியதும் வசனம்தானே, மேடம்? கேட்டுப் பாருங்கள். மனிதன் யாராவது இப்படிப் பேசுவானா?"

பேச மாட்டான்தான்!

இன்ஸ்பெக்டர் உதட்டைக் கடித்தாள். "வக்கீல் இதைத்தான் சொல்லுவார்" என்று முணுமுணுத்தாள். "கோர்ட்டுல கேஸ் நிக்காதே..."

அலறல் ராணி சுவரில் சாய்ந்தாள். கத்த நினைத்தாள். சத்தம் வரவில்லை. ஊருக்கெல்லாம் அலறியவளுக்கு, தனக்கென்று ஓர் அலறல் மிச்சமில்லை.

முதலாளி அவள் பக்கம் திரும்பினான். அன்பாகத்தான் பார்த்தான்.

"வீட்டுக்குப் போகலாமா?"

"ஒரு நிமிஷம் சார்."

காது.

மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டான். பொத்தான் எதுவென்று கைக்குத் தெரியும்.

"மேடம், இதுவரைக்கும் சத்தத்தை மட்டும்தான் கேட்டீங்க. படத்தோட சேத்துப் பாக்கலையே? நம்ம தொழில்ல சத்தம் மட்டும் போதாது. வாய் அசையணும். வாய் எப்ப திறக்குதோ அப்பதான் பேச்சு. எப்ப மூடுதோ அப்ப நாமளும் மூடிக்கணும்."

"அதனால?"

"பாருங்க."

திரையில் அதே ரீல். கோட்டை. கோபுர அறை. பெண் கதவைத் தட்டுகிறாள்.

வெளியே தாழ்வாரத்தில் கோட்டைப் பிரபு. கறுப்புக் கோட்டு. காற்றில் பறக்கும் முடி. தூரத்து மலையை வெறித்துப் பார்க்கிறான்.

ஸ்பீக்கரில் குரல் ஓடியது. 'பிரிந்து போகிறேன் என்றாள். என்னால் தாங்க முடியவில்லை...'

பிரபு மலையை வெறித்தான்.

'இதே அறை. இதே நேரம்...'

பிரபு வெறித்தான்.

'வைத்தியர் நம் ஆள்...'

கேமரா முகத்துக்குக் கிட்டே போனது. இறுக மூடிய உதடு. திரை முழுக்க அந்த உதடுதான். ஓர் இம்மி அசையவில்லை. ரீல் முடிந்தது.

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். இரண்டு முகமும் ஒரே மாதிரி உம்மென்று இருந்தது.

"இந்த ரீல்ல பிரபுவுக்கு ஒரு வார்த்தை கிடையாது மேடம்" என்றான் காது. "எழுதினவரே முறைச்சுட்டு நிக்கறான்னுதான் எழுதியிருக்காரு. அவன் கம்முனு நிக்கறதாலதான் எல்லாப் பொண்ணுங்களுக்கும் அவனைப் பிடிக்குது. வாயை மூடிட்டு நிக்கறவனுக்கு இவ்வளவு நீள வசனத்தை யார் சார் குடுத்தா?"

முதலாளி வாயைத் திறந்தான்.

மூடினான்.

மறுபடி திறந்தான். பிரபுவின் குரல் வரவில்லை. வந்தது கீச்சென்று ஒரு சாதாரணக் குரல்.

"நா... நான் வக்கீல்கிட்ட பேசணும்."

"தாராளமா!" இன்ஸ்பெக்டர் அம்மாளின் தூக்கக் கடுப்பெல்லாம் எங்கோ போயிருந்தது. "அந்த வைத்தியரையும் கூப்பிட்டுக்கறோம், துணைக்கு."

போலீஸ்காரர் கையைப் பிடித்தார். வாசல்வரை போனவன் நின்று, அலறல் ராணியைத் திரும்பிப் பார்த்தான். அதே பார்வை. இருண்டது, ஆழமானது, ஒரு காலத்தில் அவளை அடியோடு சாய்த்தது.

"உன்னைக் கல்யாணம் பண்ணிக்கத்தானே ஆசைப்பட்டேன்..." என்றான்.

அவள், போலீஸ்காரர்கள் அவன் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருந்த தன் போனை எடுத்துக்கொண்டு, அக்காவைக் கூப்பிடப் போனாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள்தான் அவன் தோளில் தட்டினாள்.

"கவலைப்படாதீங்க. பொண்ணுதான் கைவிட்டுப் போச்சு... மாமியார் வீடு ரெடியா இருக்கு. வண்டில ஏறுங்க, மாப்பிள்ளை!"